வெறுங்குழாய்

மார்ச் 4

லேபின் தவளை அறையில் மறுபடியும் வடிகால் அடைத்துக்கொண்டது. செருப்பெல்லாம் தண்ணீர். நேற்று மாலை முட்டையிட ஊசி போட்ட பெண் தவளைகளில் மகாராணி ஒருத்திதான் மரியாதையாக முட்டையிட்டிருந்தாள். மற்றவை போட்டதெல்லாம் வெளுத்து, ஊதி, நூல் நூலாகத் திரிந்த சரக்கு. வெயில் ஏறினால் இவர்களுக்கு இப்படித்தான். மகாராணி மட்டும் எந்தக் காலத்திலும் தன் வேலையைத் தான் பார்ப்பாள். தொட்டியைத் திறந்தால் மூக்கால் என் விரலை முட்டித் தள்ளுவாள். திமிர் பிடித்தவள். எனக்குப் பிடிக்கும்.

மதியம் தங்கச்சி போன் பண்ணினாள். வயிற்றுப் பிள்ளையின் டெஸ்ட் ரிசல்ட் வந்துவிட்டதாம்.

"ரெண்டுமேக்கா. இதுக்கும் ரெண்டுமே இருக்கு."

போனை வைக்கவில்லை. பின்னால் அவள் மகள் கடுகு யாரையோ "போடா, உனக்குக் கண்ணு தெரியாதா?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். டிவியில் வருகிறவனைத்தான் என்று நினைக்கிறேன். நாங்கள் இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

மார்ச் 5

தூக்கமில்லை. எழுதிப் பார்த்தால் தெளிகிறதா என்று பார்க்கிறேன்.

தங்கச்சி மகளுக்கு ஆறு வயது. பார்த்தால் மூன்று சொல்லலாம். பட்டாணி மாதிரிக் காது. முழங்காலில் சில்லு கிடையாது, பிறக்கும்போதே இல்லை. வாயோ ஊரை விலைக்கு வாங்கும். கடுகு என்று பெயர் வைத்தவள் நான்தான். சிறுத்தாலும் காரம் போகாதே. ஆனால் அந்த முதல் இரண்டு வருஷம் இருக்கிறதே, அதை எதிரிக்குக்கூட நினைக்க மாட்டேன். உறிஞ்சத் தெம்பில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் பால். சளி பிடித்தால் ஆஸ்பத்திரி. குழாய் விலகினால் ஆஸ்பத்திரி. குழந்தை இருமினால் தங்கச்சி சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள்.

காரணம் ஒரு புரதம் என்றார்கள். சிடிசி-6. அந்தப் பெயரைக் கேட்ட பிறகுதான் மீன் செதில் ஆராய்ச்சியை விட்டுவிட்டு இந்த லேப் வாசலில் வந்து நின்றேன். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டிஎன்ஏ முழுவதையும் நகலெடுக்க வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது? அந்த இடங்களில் எல்லாம் முன்கூட்டியே நூலில் மோதிரம் கோப்பதுபோல ஒரு வளையத்தை மாட்டி வைக்க வேண்டும். மாட்டிவிடுகிறவர்களில் இவன் முக்கியமானவன். எங்கள் லேபில் இவனுக்கு மோதிரக்காரன் என்று பெயர். இவன் சுணங்கினால் நகல் சுணங்கும், செல் சுணங்கும், பிள்ளை சிறுக்கும்.

கடுகிடம் மோதிரக்காரனுக்கான மரபணுவின் இரண்டு பிரதியிலும் மாற்றம். அப்பா பக்கத்திலிருந்து வந்தது பாதியிலேயே அறுந்துபோகிற ரகம். அது கெட்டது, சந்தேகமில்லை; ஆனால் ஒன்று கெட்டாலும் இன்னொன்று சரியாக இருந்தால் போதும். அம்மா பக்கத்திலிருந்து வந்தது ஒரே ஒரு இடத்தில் சின்ன மாற்றம். உலகத்தில் வேறு யாருக்கும் இருப்பதாகப் பதிவில்லை. கெடுதலா இல்லையா தெரியாது என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கிறது. எங்கள் வீட்டுப் பக்கத்துச் சொத்து அது. என்னிடமும் இருக்கலாம். பார்த்துக்கொள்ளவில்லை.

இப்போது வயிற்றில் இருப்பதற்கும் அதே இரண்டும். அம்மா பக்கத்து மாற்றம் கெடுதல் இல்லை என்றால், கடுகுக்கு வேறு ஏதோ காரணம். இந்தக் குழந்தை பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளையும் போல இருக்கும். கெடுதல் என்றால் இன்னொரு கடுகு. டாக்டர் சொன்னது, "இந்த மாசக் கடைசிக்குள்ள முடிவு பண்ணிடுங்க."

எதை வைத்து முடிவு பண்ணுவாளாம்? பூவா தலையா போட்டா?

மார்ச் 6

எங்கள் பக்கத்து மாற்றம் கெடுதலா என்று லேபிலேயே சோதித்துப் பார்க்கலாமா என்று தலைவியிடம் கேட்டேன். எங்கள் லேபை நடத்துகிறவள். சிரித்தால் வட்டி போய்விடும் என்று நினைப்பவள். கதவைச் சாத்தச் சொன்னாள். முழுக்கக் கேட்டாள்.

"செஞ்சு பாரு. தவளை இருக்கு, ஆள் இருக்கு. ஆனா ஒண்ணு. இது ஆஸ்பத்திரி ரிசல்ட் கிடையாது. முழுசா முடிஞ்சு நான் பாக்குற வரைக்கும் வீட்டுல வாயத் திறக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது மேடம்."

பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினேன்.

மார்ச் 8

தங்கச்சி வீட்டுக்குப் போனேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசினாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"இன்னொரு தடவை அந்த மூக்குக் குழாய என்னால பாக்க முடியாதுக்கா. கடுக நான் பாத்துக்குவேன், உசுரு இருக்கிற வரைக்கும் பாத்துக்குவேன். இன்னொரு தடவைன்னா... என்னால ஆகாது. நான் கெட்ட அம்மாவாக்கா?"

"வாய மூடு. கழுவுற வேலையப் பாரு," என்றேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. எப்போதுமே வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தேன். கடுகின் சின்னச் சட்டைகள் அடங்கிய பை அங்கேதான் இருக்கிறது. கடையில் அவ்வளவு சின்ன அளவு கிடைக்காமல் கைக்குட்டையை வெட்டி நான் தைத்தவை. குழாய் ஆடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் தோளில் ஒரு துணி வளையம். கடுகு குழாயிலிருந்து விடுபட்ட அன்றைக்கே தங்கச்சி மூட்டை கட்டி என்னிடம் கொடுத்துவிட்டாள். என் கண்ணில் படக் கூடாது என்றாள். தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை.

மார்ச் 11

புரதம் இரண்டும் தயார். ஒன்று மனிதர்களின் சாதாரண மோதிரக்காரன். இன்னொன்று எங்கள் வீட்டு மோதிரக்காரன். புரதத்தின் அளவு பார்க்கிற ஜெல்லில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே உயரம், ஒரே பருமன். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பார்த்து யார் என்ன சொல்ல முடியும்?

மார்ச் 13

வேலை செய்கிறது!

எங்கள் வீட்டுக்காரன் வேலை செய்கிறான்! வரிசையாக எழுது.

காலையில் முட்டை குறைவு. மகாராணிக்கு ஓய்வு, ஒருமுறை முட்டையிட்ட தவளைக்கு மூன்று மாதம் ஊசி போடக் கூடாது, அது விதி. கிடைத்ததில் கெட்டதைப் பொறுக்கி எறிந்து, மேல் ஜவ்வைக் கரைத்து (அந்தத் திரவத்தின் நாற்றம் சோறு தின்னும்போதும் கையில் அடிக்கிறது), சுழற்றி நசுக்கினேன். மேலே கொழுப்பு, கீழே கறுப்பு வண்டல், நடுவில் பொன்னிறச் சாறு. அந்தச் சாறு ஓர் அதிசயம். செல்லே இல்லாமல், குழாய்க்குள் விந்தணுவின் உட்கருவைப் போட்டால் அது பாட்டுக்கு டிஎன்ஏவை நகலெடுக்கும். நகலெடுத்தால் சாயம் ஏறிச் சிவப்பாக ஒளிரும். முயல் சீரத்தை (அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் முயல் ரத்தத் தெளிநீர்) வைத்துச் சாற்றிலிருந்து தவளையின் சொந்த மோதிரக்காரனைப் பிடித்து வெளியே எடுத்துவிட்டு, பதிலாக மனிதனுடையதைப் போட வேண்டும்.

சாறு கொஞ்சம்தான் வந்தது. இரண்டு குழாய்க்குத்தான் தாராளமாகக் காணும். ஒன்றில் சாதாரணமானவன், ஒன்றில் எங்கள் வீட்டுக்காரன். இரண்டிலும் உட்கருக்கள் சிவப்பு. ஒன்றுக்கு ஒன்று சளைக்கவில்லை!

தலைவி வெளியூர். வரட்டும், முறையாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. ஆய்வுக்கூட மாடிப்படியில் நின்றிருந்தேன், போன் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

"ஏய், ஒண்ணும் ஆகாதுடீ. நம்ம பக்கத்துது நல்லாத்தான் இருக்கு. நான் கண்ணால பாத்தேன்."

அவள் அழுத அழுகை! நானும் படியில் உட்கார்ந்து அழுதேன். யாரோ தாண்டிப் போனார்கள். போகட்டும்.

மார்ச் 15

தங்கச்சி வீட்டில் சாப்பிட்டேன். அவள் இரண்டு முறை பரிமாறிக்கொண்டு சாப்பிட்டதை எத்தனை நாள் கழித்துப் பார்க்கிறேன். மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். வாசல்வரை வந்து, "நீங்க இல்லன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம்க்கா," என்றார்.

கடுகு, வரப்போகிற பாப்பாவுக்குப் பெயர் வைத்துவிட்டாள். மிளகு.

"ஏன்டீ மிளகு?"

"கடுக விடக் கொஞ்சம் பெருசு பெரியம்மா. என்னைவிட உயரமா வளரும்ல? ஆனா அக்கா நான்தான். அடிச்சா நான் அடிப்பேன், அது திருப்பி அடிக்கக் கூடாது."

மார்ச் 18

லேப் கூட்டம். தலைவி திரும்பி வந்துவிட்டாள். படத்தைக் காட்டினேன். வீட்டுக்குச் சொன்னதைச் சொல்லவில்லை.

நொட்டை கையைத் தூக்கினான். அவன் எதற்கும் நொட்டை சொல்கிறவன். பெயரே அதுதான், கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டான். வழக்கம்போல ஏதோ எழுத்து சின்னதாக இருக்கிறது என்பான் என்று நினைத்தேன்.

"சீனியர், வெறுங்குழாய் எங்க?"

ஒன்றும் போடாத குழாய். தவளையினுடையதை எடுத்துவிட்டு, பதிலுக்கு எதையுமே போடாத குழாய். அது இருட்டாக இருந்தால்தான் தவளைச் சரக்கு மிச்சமில்லை என்று அர்த்தம். முதல் நாள் வந்த மாணவிக்குக்கூடத் தெரியும். நானே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"சாறு பத்தல," என்றேன்.

தலைவி என்னையே பார்த்தாள். "எத்தனை தடவை சீரத்துல கழுவின?"

வழக்கமாக மூன்று. நான் இரண்டு. சீரமும் தட்டுப்பாடு, அந்த முயல் செத்து வெகு நாளாகிறது, இருப்பதை வைத்துத்தான் எல்லோரும் ஓட்டுகிறோம்.

"அப்ப இது ஒண்ணும் சொல்லல. மறுபடி செய்," என்றாள். படம் இன்னும் திரையில் சிவப்பாக இருந்தது.

மார்ச் 19

அன்று சீரத்தில் கழுவிய சாற்றில் மிஞ்சிய ஒரு சொட்டை உறைய வைத்திருந்தேன். இன்று எடுத்து, எதையும் போடாமல் உட்கருவை மட்டும் போட்டுப் பார்த்தேன்.

சிவப்பு. நல்ல சிவப்பு.

மார்ச் 19, மறுபடியும்

ஒன்றுமே போடாத குழாயில் எல்லாம் நடந்திருக்கிறது. வேலை செய்தது எங்கள் வீட்டுக்காரன் இல்லை. மிச்சமிருந்த தவளைக்காரன். ஐயோ. ஐயோ. நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்? அவள் தூங்குகிறாளே. நான் சொன்னேன் என்று நிம்மதியாகத் தூங்குகிறாளே!

அவசரத்தில் அண்டாவில்கூடக் கை நுழையாது என்பார்கள். நான் ஊசிக்காதில் கையை விட்டிருக்கிறேன்.

மார்ச் 20

நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தெரியாது. அதுதான் உண்மை. ஆகவே இப்போதே சொல்ல வேண்டுமா? சரியாக மறுபடி செய்து, நல்லது என்றே வந்துவிட்டால்? வீணாக ஒரு வாரம் அவளை வதைத்தது மாதிரி ஆகாதா?

இப்படி நினைக்கிற மூளையைக் கழற்றி வைக்க இடமிருந்தால் தேவலை.

மார்ச் 21

மாப்பிள்ளை போன். தொட்டில் ஒன்று பார்த்திருக்கிறாராம், என்ன நிறம் வாங்கலாம் என்று கேட்டார். நீலம் என்றேன்.

நீலம் என்றேன்! வேறு ஒரு வார்த்தை வரவில்லை இந்த வாயில்.

மார்ச் 22

தவளை தன் வாயால் கெடும் என்று ஊரெல்லாம் சொல்கிறது. தொட்டிக்கு முன்னால் நின்று பார்த்தேன். ஒரு தவளையும் வாயைத் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன்.

மார்ச் 23

சொல்லிவிட்டேன்.

கடுகு பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்த நேரம். தங்கச்சி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். வெறுங்குழாயைப் போடாமல் விட்டதை, சீரத்தை மிச்சம் பிடித்ததை, தலைவி வாயைத் திறக்காதே என்றதை, எல்லாவற்றையும். அவளுக்குப் பாதி புரிந்திருக்காது. தேவையானது புரிந்துவிட்டது.

"அப்ப நல்லதுன்னு சொன்னது?"

"தெரியாதுடீ. எனக்குத் தெரியாது."

"தெரியாம எப்படிச் சொன்ன?"

மடிக்க ஒரு துணியை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள்.

"நான் கேட்டேனா? எனக்கு ரிசல்ட் சொல்லுன்னு நான் கேட்டேனா? பயந்துகிட்டே இருந்தேன், பழகியிருந்துச்சு. நீதான் வந்து ஒண்ணும் ஆகாதுன்ன. நான் அது கூடப் பேச ஆரம்பிச்சிட்டேன். தெரியுமா உனக்கு? தினமும் பேசுறேன்." மடித்த துணியை எல்லாம் உதறிக் கலைத்தாள். "எப்பத் தெரியும் உனக்கு?"

"புதன்கிழமை."

"புதன்கிழமை. நீலத் தொட்டில் வாங்கச் சொன்னது வெள்ளிக்கிழமை."

அடித்திருக்கலாம். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போ" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. முழுப் பேச்சிலும் ஒரு தடவை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது.

மார்ச் 24

தலைவியிடமும் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "டாக்டர் குடுத்த கெடு எப்போ?" என்று மட்டும் கேட்டாள்.

"இந்த மாசக் கடைசி."

"அப்ப ஏன் என் முன்னாடி நின்னு அழுதுகிட்டிருக்க? போய் முட்டையப் பாரு."

மார்ச் 25

முட்டை எல்லாம் வெள்ளை. ஒரு கெட்ட முட்டை கலந்தாலும் சாறு முழுக்கச் செத்துப்போகும். நல்லதைப் பொறுக்கப் பார்த்தால் பொறுக்க ஒன்றும் தேறவில்லை. அப்படியே கொட்டினேன். சீரமும் ஒரு கழுவலுக்குத்தான் வரும்.

தங்கச்சிக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

மார்ச் 26

இன்றும் வெள்ளை.

மாலை தவளை அறையில் தனியாக இருந்தேன். ஊசியில் மருந்து ஏற்றி, மகாராணியின் தொட்டியைத் திறந்தேன். அவள் முட்டையிட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. இப்போது போட்டால் தாங்குவாளோ மாட்டாளோ. தாங்கினாலும் முட்டை தேறுமா என்பது தெரியாது. ஆனால் அவள் மகாராணி, அவளால் முடியும் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. ஒரு தவளைதானே. என் தங்கச்சியைவிட ஒரு தவளை பெரிதா?

மூக்கால் என் விரலை முட்டினாள். தள்ளிப்போ என்கிற மாதிரி.

தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக நம்பித்தானே இவ்வளவும் வந்தது? மருந்தை வடிகாலில் கொட்டினேன். மூடியைப் போட்டுவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வழி எதுவும் தெரியவில்லை. எந்தப் பக்கமும் தெரியவில்லை.

நொட்டை ஏதோ எடுக்க வந்தவன் என்னைப் பார்த்துவிட்டான். "சீனியர், தரை ஈரம்," என்றான். இதிலும் நொட்டை! பிறகு சொன்னான்: "பின்பக்கக் கட்டடத்துல குளிர் அறையில தவளை வெச்சிருக்காங்க. வெயில் தெரியாத தவளைங்க. கேட்டுப் பாக்கவா?"

மார்ச் 27

கேட்டுவிட்டான். கேட்டது மட்டுமில்லை, ராத்திரி அவர்கள் ஊசி போட்ட தவளைகளின் முட்டையை ஒரு வாளியில் தூக்கிக்கொண்டு வந்தான். பாதி கறுப்பு, பாதி வெளிர், நடுவில் கோடு போட்ட மாதிரி. ஒவ்வொன்றும் அவ்வளவு அழகு.

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்து ஐஸில் வைத்தான். முயல் சீரம். அவனுடைய பங்கு. அடுத்த மாதம் அவன் தீசிஸின் கடைசிப் படத்துக்கு வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

"உனக்கு?"

"நான் வேற வழி பாத்துக்குறேன். மூணு தடவை கழுவுங்க. வெறுங்குழாய மொதல்ல வைங்க, மத்ததெல்லாம் அப்புறம்."

"சரிங்க சார்," என்றேன். பல நாள் கழித்து வாயில் ஒரு கிண்டல் வந்தது. அவன் சிரிக்கவில்லை. வாளியில் தண்ணீர் அளவு தப்பு என்றான்.

மார்ச் 28

மூன்று முறை கழுவினேன். வெறுங்குழாயை முதலில் வைத்தேன். பிறகு சாதாரணமானவன், பிறகு எங்கள் வீட்டுக்காரன், கடைசியில் எதையும் எடுக்காத சாறு.

வழக்கமாகப் பார்க்கிற நேரத்தில் பார்த்தேன். சாதாரணமானவன் குழாயில் சிவப்பு. எதையும் எடுக்காத சாற்றில் சிவப்பு. வெறுங்குழாய் இருட்டு. அந்த இருட்டைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டேன்; இந்தத் தடவை பொய்யில்லை. அடுத்துப் பொறுக்க முடியாமல் எங்கள் வீட்டுக்காரன் குழாயைப் பார்த்தேன்.

இருட்டு.

இன்னொரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். இருட்டு. கெட்டது. எங்கள் பக்கத்திலிருந்து வந்தது கெட்டது. அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்து, அவளிடமிருந்து கடுகுக்குப் போய், இப்போது அதுக்கும். தொட்டில் நீலத்துல வாங்குங்கன்னு சொன்னேனே பாவி நான்.

குழாய்களை எடுத்துக் கொட்டப் போனேன். நொட்டை கையைப் பிடித்தான். அவன் யாரையும் தொடுகிற ஆள் இல்லை.

"எதுக்குக் கொட்டறீங்க? சாறு இன்னும் உயிரோடதான இருக்கு. விட்டுப் பாருங்க."

"எதைப் பாக்கணும் இன்னும்?"

"தெரியாது. அதான் பாக்கச் சொல்றேன்."

விட்டேன். ஜன்னலோரம் நின்று வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன்தான் போய் அடுத்த சொட்டைப் பார்த்தான். பிறகு கூப்பிட்டான்.

எங்கள் வீட்டுக்காரன் குழாயில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிர்ச் சிவப்பு. இன்னும் விட்டோம். இன்னும் கொஞ்சம் கூடியது. மதியம் தாண்டிப் பார்த்தபோது கிட்டத்தட்ட எல்லாமே சிவப்பு. சாதாரணமானவனுக்கு ஈடாக. வெறுங்குழாய் மட்டும் கடைசிவரை இருட்டு.

வேலை செய்கிறான். ஆனால் மெதுவாக. மற்றவன் முடிக்கிற நேரத்தில் இவன் ஆரம்பிக்கிறான். ஆரம்பித்ததை முடிக்கிறான்.

அப்படியே கடுகு. ஐயோ, அப்படியே என் கடுகு.

மார்ச் 29

தலைவி மறுபடி ஒருமுறை செய்யச் சொன்னாள். மிச்சச் சாற்றில் செய்தேன். அதேதான். "இந்தத் தடவை நீ பேசாத. நான் டாக்டர்கிட்ட பேசுறேன். நீ கூட வா, அது போதும்," என்றாள்.

மார்ச் 30

டாக்டர் அறையில் நாற்காலி போதவில்லை. நான் சுவரோரம் நின்றேன். தங்கச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. தலைவி நிதானமாகச் சொன்னாள். இது தவளைச் சாற்றில் பார்த்தது, ஆள் உடம்பில் இல்லை. ஆனால் கடுகுக்குக் காரணம் இதுதான் என்று நம்ப இடமிருக்கிறது. இந்தக் குழந்தையும் அப்படியே வர வாய்ப்பு அதிகம். என்ன செய்யலாம், எதற்கு எவ்வளவு அவகாசம் என்று டாக்டர் இரண்டு பக்கமும் சொன்னார். எந்தப் பக்கமும் தள்ளவில்லை.

தங்கச்சி தலைவியிடம்தான் கேட்டாள். "மெதுவான்னா... பாதியில நின்னுடாதுல்ல?"

"நாங்க பாத்த வரைக்கும் நிக்கல."

"கடுகு மாதிரியா?"

தலைவி என்னைப் பார்த்தாள். என் முறை என்று புரிந்தது.

"கடுகு மாதிரி," என்றேன். "அந்த மூக்குக் குழாயும் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். அது எனக்குத் தெரியாது."

தெரியாது என்று சொல்வதற்கு இவ்வளவு மூச்சு வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளை அவள் கைப்பையை எடுத்துக்கொண்டார். போய்விட்டார்கள்.

மார்ச் 31

போன் இல்லை. நானும் பண்ணவில்லை. கெடு இன்று.

ஏப்ரல் 2

என்ன முடிவு பண்ணினாள் என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

ஏப்ரல் 5

கடுகு போன் பண்ணினாள், அப்பாவின் போனிலிருந்து. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி குள்ளி என்றாளாம், இவள் அவள் டப்பாவில் மண்ணைப் போட்டாளாம், டீச்சர் இவளை மட்டும் திட்டினாளாம், நியாயமா பெரியம்மா? நியாயமில்லை என்றேன். அம்மா என்ன பண்றா என்று கேட்க வாய் வந்தது. மூடிக்கொண்டேன். கற்றுக்கொண்டிருக்கிறது போல இந்த வாய்.

ஏப்ரல் 7

நொட்டைக்கு வேறு முயலின் சீரம் கடன் கிடைத்திருக்கிறது. அது சரியில்லை என்று காலையிலிருந்து புலம்புகிறான். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் வெறுங்குழாய்களை வைத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 10

மாலை வேலை முடிந்து வந்தால் போனில் தங்கச்சி பெயர். செருப்பைக் கழற்றாமலே எடுத்தேன்.

"அந்தச் சட்டைப் பை உங்கிட்டதான இருக்கு?"

"எந்தப் பை?" எனக்கு உண்மையிலேயே உடனே விளங்கவில்லை.

"கடுகோடது. சின்னச் சட்டை எல்லாம்."

"இருக்கு."

"ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வா. துவச்சு எடுத்துட்டு வா."

நான் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் கடுகு, மிளகுக்கு எந்தச் சட்டையும் சும்மா தர மாட்டேன், அதெல்லாம் என்னுது என்று கத்திக்கொண்டிருந்தாள்.

நாற்காலி போட்டு ஏறி மூட்டையை இறக்கினேன். கட்டிலில் கொட்டினேன். என் உள்ளங்கை அகலம்கூட இல்லை சில சட்டைகள். குழாயைச் செருக நான் தைத்த வளையம் எல்லாவற்றிலும் தோளில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்தால் அவளுக்குத் தாங்குமா? கத்தரிக்கோலை எடுத்தேன். வைத்துவிட்டேன். நானாக எதையும் முடிவு பண்ணுவதாக இல்லை. திரும்பப் போன் பண்ணினேன்.

"அந்தத் தோள் வளையத்த எல்லாம் பிரிச்சிடவா?"

கடுகிடம் டிவியைக் குறைக்கச் சொன்னாள்.

"வேணாம்க்கா," என்றாள். "இருக்கட்டும்."